கரையும் ஆறு

ஆற்று மணலில் ஊற்று தோண்டிப் பழகியவர்களுக்கு இந்த அத்தியாயத்தின் பாதி ஏற்கெனவே தெரியும். ஓடும் தண்ணீரை விட்டுப் பத்தடி தள்ளி உட்கார்ந்து, சிரட்டையால் மணலை வாரி வாரிப் போட்டால் முழங்கை ஆழத்தில் ஈரம் தட்டும். இன்னும் நாலு சிரட்டை எடுத்தால் அடியில் நீர் கசிந்து சேரும். முதலில் கலங்கல். அதை இறைத்துக் கொட்டிவிட வேண்டும். இரண்டாம் முறையும் கொட்ட வேண்டும். மூன்றாவதாக ஊறி வருவதுதான் குடத்துக்குப் போகும். பக்கத்தில் ஆறு செம்மண் கரைசலாக ஓடிக்கொண்டிருக்கும்போதும் ஊற்றுநீர் தெளிந்திருக்கும், தொட்டால் சில்லென்றிருக்கும்.

குழிக்குள் வந்த அந்த நீர் அதற்கு முன் எங்கே இருந்தது? ஆற்றில்தான். கண்ணுக்குத் தெரியும் ஓட்டத்துக்கு அடியிலும் இருபுறத்திலும், மணலின் இடுக்குகள் வழியே இன்னோர் ஆறு நகர்ந்துகொண்டிருக்கிறது. அதற்கு அவசரம் இல்லை. மேலே ஒரு நிமிடத்தில் நம்மைத் தாண்டிப் போகிற நீர், உள்ளே அதே தூரத்தைக் கடக்க நாள்கணக்கில், சில இடங்களில் மாதக்கணக்கில்கூட எடுத்துக்கொள்ளும். ஒரு வளைவில் மணலுக்குள் புகுந்தது அடுத்த வளைவில் வெளியே வந்து ஓட்டத்தில் சேரும். வெள்ளக் காலத்தில் ஆறு கரைக்குக் கொடுக்கிறது. கோடையில் கரை அதைத் திருப்பிக் கொடுக்கிறது. மழை ஓய்ந்து மூன்று மாதம் கழித்தும் ஓர் ஓடை ஓடினால், அது கரையும் கரைக்குப் பின்னாலுள்ள நிலமும் பிடித்துவைத்துச் சிறுகச் சிறுக விடும் நீர்.

அப்படியானால் ஆற்றின் ஓரம் எது? தண்ணீர் முடியும் இடம் என்று சொல்ல முடியாது. வருவாய்த்துறைப் பதிவேடு அந்த ஓரநிலத்தை ஆற்றுப் புறம்போக்கு என்கிறது. தீர்வைக் கணக்குக்குப் புறம்பானது என்ற அளவில் அந்தச் சொல்லில் இழிவு ஒன்றும் இல்லை. வரி தராத நிலம் உதவாத நிலம் என்று மனம்தான் கணக்குப் போட்டது. இன்று அது வசைச்சொல்லாகிவிட்டது. உழுகிறவர்கள் வாயில் இதற்கு வேறு பெயர்: படுகை. வெள்ளம் ஏறி, வண்டலை விட்டுவிட்டு இறங்கும் நிலம். வாழையும் வெற்றிலையும் செழிக்கும் நிலம். ஆறு அவ்வப்போது வந்து படுத்துவிட்டுப் போகும் இடம் என்று நான் பொருள் கொள்வேன், மொழியறிஞர்கள் மறுக்கட்டும். ‘கரை’ என்ற சொல்லும் விசித்திரமானதுதான். பெயர்ச்சொல்லாக இருந்தால் நிற்கிறது, வினைச்சொல்லானால் போய்விடுகிறது. கரை எப்போது பெயராக இருக்கும், எப்போது வினையாகும் என்பதே இந்த அத்தியாயத்தின் கேள்வி.

திருநெல்வேலி மாவட்டத்துத் திருப்புடைமருதூரில் கடனாநதி தாமிரபரணியோடு சேர்கிறது. ஊர்ப்பெயருக்குள்ளேயே ஒரு மரம் நிற்கிறது: மருது, அதாவது நீர்மருது. கிருஷ்ணா நதிக்கரை ஸ்ரீசைலம் தலைமருது, காவிரிக்கரைத் திருவிடைமருதூர் இடைமருது, இது கடைமருது என்பார்கள். மூன்றுக்கும் தலமரம் மருது. மூன்றும் ஆற்றை ஒட்டிய ஊர்கள். தாமிரபரணியின் அணைக்கட்டு ஒன்றுக்கும் மருதூர் என்றே பெயர். வயலும் ஆறும் சேர்ந்த நிலத்துக்குப் பழந்தமிழர் மருதம் என்று பெயர் வைத்தபோது அவர்கள் கண்முன் இந்த மரம் இருந்திருக்கலாம். திருப்புடைமருதூர்க் கோயிலை ஒட்டிய ஆற்றங்கரைத் தோப்பில் கொக்குகளும் நாரைகளும் கூடு கட்டுகின்றன. அதற்காக 2005-ல் அந்த இடம் பாதுகாப்புக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது; இந்தியாவில் அந்த வகையில் அதுவே முதலாவது. பரப்பு 3 ஹெக்டேருக்கும் குறைவு. பெரிய புலிகள் காப்பகங்களுக்குப் பக்கத்தில் வைத்தால் ஒரு வீட்டுத் தோட்டம் மாதிரி. ஆனால் ஆற்றங்கரை என்பது எப்போதும் நாடா மாதிரி மெலிந்த நிலம்தான். அதன் பரப்பை வைத்து அதன் வேலையை அளக்கக் கூடாது.

என்ன வேலை? முதலில் வெள்ளத்தைப் பார்ப்போம். நீரின் வேகம் இரட்டிப்பானால் அது கரையை இழுக்கும் விசை நான்கு மடங்காகிறது. அது உருட்டிச் செல்லக்கூடிய கல்லின் எடையோ, பழைய நீரியல் விதி ஒன்றின்படி, ஏறத்தாழ 64 மடங்காகிறது. கோடையில் கூழாங்கல்லைக்கூட அசைக்காத ஓடை, ஒரே இரவில் பாறையைப் புரட்டிப்போடுவது இதனால்தான். இதையே திருப்பிப் போட்டால், வேகத்தைப் பாதியாகக் குறைக்க முடிந்தால் வெள்ளம் கையிலிருப்பதையெல்லாம் கீழே வைத்துவிடும். முதலில் கல், பிறகு மணல், கடைசியில் வண்டல்.

வேகத்தைக் குறைப்பது செடிகள். குழந்தைகளுக்குச் சொல்லும் கதையில் வெள்ளத்தில் பெரிய மரம் விழுந்துவிடும், வளைந்து கொடுத்த நாணல் பிழைத்துக்கொள்ளும். அது பணிவைப் பற்றிய கதை. ஆற்றைப் பற்றிய கதையாக அதை எடுத்துக்கொள்ள முடியாது, ஏனென்றால் அங்கே மரத்துக்கு நாணலும் நாணலுக்கு மரமும் வேண்டும். வெள்ளம் ஏறும்போது நாணலும் கோரையும் படுத்து, கரைமேல் பாய் விரித்தது போல் மூடிக்கொள்கின்றன; நீர் மண்ணைத் தொடாமல் பாயின் மேல் வழுக்கிப் போகிறது. வெள்ளம் இறங்கும்போது அதே தாள்கள் சீப்பு மாதிரி நின்று வண்டலை வடிகட்டி வைக்கின்றன. அந்த வண்டலில் மறுபடியும் நாணல் வேர்விடுகிறது. இப்படித்தான் கரை தன்னைத்தானே கட்டிக்கொள்கிறது. ஆனால் நாணலின் சல்லிவேர் ஓரளவு ஆழத்துக்குத்தான் போகும். அதற்குக் கீழே கரையைத் தைத்துப் பிடிப்பது மருது, நாவல், அத்தி, புங்கு போன்ற மரங்களின் வேர். வேரோடு மண் எவ்வளவு உறுதி? கனடாவின் பான்ஃப் மலைப்பகுதியில் டி. ஜி. ஸ்மித் என்ற புவியியலாளர் ஆற்றங்கரை மண்ணை அளந்து பார்த்து 1976-ல் ஒரு கணக்கு வெளியிட்டார். அடர்ந்த வேர்களும் மேலே வேர்ப்பாயும் உள்ள கரை, செடியில்லாத அதே வகை மண்ணைவிட அரிப்பை ஏறத்தாழ 20,000 மடங்கு தாங்கியது. குளிர்நாட்டு ஆறு ஒன்றில் கிடைத்த எண் அது. நம் ஊர் மணற்கரைக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் சிமெண்ட் சுவரைப் பற்றி யோசிக்கும் பொறியாளர் அந்த எண்ணை ஒருமுறையாவது எழுதிப் பார்க்கலாம்.

இதற்குமேல் பூசி மெழுகக் கூடாது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. தாமிரபரணியும் அதன் கிளைகளும் ஊர்களுக்குள் புகுந்தன. எந்த நாணலும் எந்த மருதும் அந்த வெள்ளத்தைத் தடுத்திருக்காது. கரைச்செடிகள் வெள்ளத்தை நிறுத்துவதில்லை. வெள்ளம் போன பிறகு ஆறு எந்த வடிவில் மிஞ்சும் என்பதைத்தான் அவை தீர்மானிக்கின்றன.

கரையின் நலத்தை எப்படிக் கணிப்பது என்ற கேள்விக்கு நல்லதொரு விடை கிடைத்த இடம் ஓரிகன். அமெரிக்காவின் வடமேற்கில், பிரைன்வில் என்ற சிற்றூருக்கு அருகே கரடி ஓடை என்று ஓர் ஓடை ஓடுகிறது. அங்கே ஆண்டு மழை சுமார் 300 மில்லிமீட்டர். தமிழ்நாட்டின் சராசரியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. தலைமுறை தலைமுறையாக அந்தப் பொதுநிலத்தில் பண்ணை மாடுகள் மேய்ந்தன. மாட்டைக் குறை சொல்ல முடியாது. வறண்ட நாட்டில் நீரும் நிழலும் பச்சையும் ஒரே இடத்தில் கிடைத்தால் யார்தான் நகர்வார்கள்? ஓடையோரத்தில் ஒரு செடி விடாமல் கடித்துத் தீர்த்தன. கரை உடைந்தது. ஓடை அகன்று, ஆழமற்றுப் போய், கோடையில் வறண்டது. 1970களில் எடுத்த படத்தில் வெறும் மண்சரிவுகளுக்கு நடுவே ஒரு சாக்கடை போலத்தான் அது தெரிகிறது.

1976-ல் மேய்ச்சலை நிறுத்தினார்கள். கதை அதோடு முடிந்திருந்தால் இங்கே எழுத ஒன்றும் இல்லை. மாட்டை விரட்டினால் புல் வளரும் என்பது எந்த ஆயாவுக்கும் தெரியும். சில ஆண்டுகள் கழித்து மாடுகளைத் திரும்ப விட்டார்கள் என்பதுதான் விஷயம். இப்போது நேரம் மாறியது. பருவம் முழுக்க மேயாமல், குளிர்காலக் கடைசியிலிருந்து வசந்தம் வரை மட்டும் மேய்ந்துவிட்டு வெளியேறிவிட வேண்டும். மாடு போன பிறகு செடிக்கு ஒரு கோடை முழுவதும் கையில் இருக்கும். அடுத்த வெள்ளம் வருவதற்குள் அது மறுபடியும் பாய் விரித்துவிடும். கோரைகள் வந்தன, வில்லோ வந்தது, வண்டல் தங்கியது, ஓடையின் தரை உயர்ந்தது, கரைக்குள் நீர் சேர்ந்தது. ஒருகாலத்தில் வற்றிப்போன ஓடை ஆண்டு முழுக்க ஓடத் தொடங்கியது. டிரௌட் மீன் திரும்பியது. பண்ணைக்காரருக்கு அங்கே கிடைத்த தீவனமும் முன்பைவிடப் பல மடங்கு கூடியது. மழை அதே மழைதான். பொதுநிலங்களை நிர்வகிக்கும் அரசுத்துறையில் இருந்த வெய்ன் எல்மோர் என்பவர் அந்த ஓடையின் முன்னும் பின்னுமான படங்களை ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டினார்.

1990களில் அதே துறை, மற்ற அரசுத்துறைகளுடன் சேர்ந்து, கரையை மதிப்பிட ஒரு முறையை வகுத்தது. கருவி எதுவும் வேண்டாம். நீரியல் தெரிந்தவர், செடி தெரிந்தவர், மண் தெரிந்தவர் மூவரும் சேர்ந்து ஓடையோரமாக நடக்க வேண்டும். கையில் 17 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ஆம், இல்லை என்ற விடை. ‘இல்லை’ என்றால் ஏன் என்று ஒரு வரி எழுத வேண்டும். மதிப்பெண்ணைக் கூட்டிப் போடுவது கிடையாது. தனித்தனியாகப் போனால் ஒவ்வொருவரும் தன் துறையின் கண்ணாடியில்தான் பார்ப்பார்கள் என்பதால் சேர்ந்து நடந்து, அங்கேயே நின்று சண்டை போட்டு, ஒரு முடிவுக்கு வர வேண்டும். நம் அலுவலகங்களுக்கு மிகவும் அந்நியமான நடைமுறை இதுதான் என்று நினைக்கிறேன்.

இரண்டு விஷயங்களில் அந்த முறை புத்திசாலித்தனமானது. ஒன்று, அழகாக இருக்கிறதா, எத்தனை மீன், எத்தனை பறவை என்று அது கேட்பதில்லை. பத்து, இருபது ஆண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளம் நாளைக்கே வந்தால் இந்த ஓடை தாக்குப்பிடித்து நிற்குமா என்று மட்டும் கேட்கிறது. அது நின்றால் மீனும் பறவையும் பின்னால் வரும். நிற்காவிட்டால் இன்று இருக்கிற மீனுக்கும் பொருளில்லை. இரண்டாவது, ஓடையை அதன் சொந்தத் திறனோடு மட்டுமே ஒப்பிட வேண்டும். பாறைப் பள்ளத்தில் இறங்கும் மலையோடைக்குப் படுகையே கிடையாது. அங்கே போய்க் கோரை எங்கே என்று தேடக் கூடாது. தேரிமண் நடுவே ஓடும் ஓடையைப் பொதிகையின் அருவியோடு ஒப்பிட்டுக் குறை சொல்வது, ஆட்டைப் பார்த்து ஏன் பால் பத்துப் படி கறக்கவில்லை என்று கேட்பது போல.

கடைசியில் மூன்று முடிவுகளில் ஒன்று. சரியாக இயங்குகிறது; இயங்குகிறது, ஆனால் ஆபத்தில் இருக்கிறது; இயங்கவில்லை. காசும் ஆளும் குறைவாக இருந்தால் நடுவில் இருப்பதற்கே முதலில் செலவிட வேண்டும் என்பது அவர்கள் அறிவுரை. ஆபத்தில் இருப்பதைச் சிறு மாற்றத்தால் மீட்கலாம்; இயங்காததை மீட்க நாளாகும், செலவும் ஏராளம். நம் இயல்பு நேர்மாறு. ஓடை முழுதும் செத்த பிறகுதான் அதற்குத் திட்டம் தீட்டுவோம்.

அந்தக் கேள்விகளை அப்படியே மொழிபெயர்த்து நம் ஆறுகளில் ஒட்ட முடியாது. அங்கே பனி உருகி வெள்ளம் வருகிறது. இங்கே இரண்டு பருவமழைகள், நூற்றாண்டுக்கணக்கான அணைக்கட்டுகள், படித்துறைகள், ஆடுகள். ஆனால் கேள்விகளின் அடியிலுள்ள யோசனையை எடுத்துக்கொண்டு நடக்கலாம்.

முதலில் நான் தேடுவது சருகு. தண்ணீருக்கு வெகு மேலே மரக்கிளையில் வைக்கோலும் சருகும் பிளாஸ்டிக் பையும் கயிறு திரித்தது போல் சிக்கிக்கொண்டு தொங்கும். அது போன வெள்ளத்தின் மட்டம். ஆறு தன் படுகைமேல் ஏறுகிறதா என்பதற்கு அது சாட்சி. பல ஆறுகள் ஒன்றிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வாய்க்கால் நிரம்பிப் படுகையில் வழிகின்றன. அப்படி வழியும்போது நீர் அகன்று, ஆழம் குறைந்து, வேகம் இழந்து, வண்டலை வைக்கிறது. படுகைமேல் ஏற முடியாத ஆறு அந்த ஆற்றலையெல்லாம் தன் தரையிலும் கரையிலும்தான் செலவிடும்.

பிறகு, தண்ணீரை ஒட்டி என்ன முளைத்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். கோரை, சம்பு, நாணல் — இவை கால் நனைந்த இடத்தில்தான் செழிக்கும். இவை இருந்தால் வேரெட்டும் ஆழத்தில் நீர் இருக்கிறது என்று பொருள். அதே இடத்தில் நெருஞ்சியும் ஆவாரையும் வந்துவிட்டால், ஆற்றில் நீர் ஓடினாலும் கரை காய்ந்துவிட்டது. பச்சையைக் கண்டு ஏமாறவும் கூடாது. நெய்வேலிக் காட்டாமணக்கு ஊதாப் பூவோடு வாய்க்காலை அடைத்து நிற்கும். ஆகாயத்தாமரை மெத்தை விரிக்கும். சீமைக்கருவேலம் கரையைக் காடாக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் மூன்றும் செழிப்புதான். ஒரே இனம் எங்கும் பரவி, அதன் நிழலில் வேறெதுவும் தலையெடுக்காத கரையைச் செழிப்பு என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு நோயோ ஒரு ஜேசிபியோ வந்தால் மொத்தக் கரையும் ஒரே நாளில் மொட்டையாகும்.

கரையின் வடிவம் அடுத்தது. வளைவின் வெளிப்புறத்தில் கரை அரிக்கப்பட்டிருந்தால் பயப்பட வேண்டாம். ஆறு நெளிந்து நெளிந்து நகர்வது அதன் பிழைப்பு. வெளிவளைவில் எடுத்ததை அடுத்த உள்வளைவில் மணல்திட்டாகப் போடும். அந்தத் திட்டின் மேல் புல்லும் செடியும் நீரை நோக்கி இறங்கி வருகின்றனவா என்பதைப் பார்க்க வேண்டும். வந்தால் கணக்கு நேராகிறது. நேரான பகுதியில், இரு கரையிலும், செங்குத்தாகச் சுவர் போல் மண் இடிந்து நின்றால் நோய் உள்ளே இருக்கிறது. மாடும் லாரியும் இறங்கி இறங்கிக் கரை சரிந்த இடத்தில் ஓடை அகலமாகி, கணுக்கால் ஆழமாகி, வெயிலில் சூடேறிக் கிடக்கும். ஒரு படித்துறை கெடுதலில்லை. கரை நெடுகப் படித்துறையாகிவிட்டால் அங்கே கரை என்று ஒன்று இல்லை.

மீனும் பறவையும் பின்னால் வரும் என்றேன். எப்படி வரும் என்பதை ஜப்பானின் ஷிகெரு நகானோ காட்டிய விதம் ஆற்றியலின் அழகான சோதனைகளில் ஒன்று. ஹொக்கைடோ தீவில் ஹொரொனாய் என்ற சிற்றோடை காட்டின் நடுவே ஓடுகிறது. நகானோ அதன் ஒரு பகுதியை மெல்லிய வலைக்கூரையால் மூடி, மரங்களிலிருந்து விழும் புழுபூச்சி நீருக்குள் போகாமல் தடுத்தார். மீன்கள் பட்டினி கிடக்கவில்லை. நீருக்குள்ளிருந்த பூச்சிகளைத் தின்று தீர்த்தன. அந்தப் பூச்சிகள் தின்றுவந்த பாசி கேட்பாரற்றுப் பெருகியது. கிளையிலிருந்து விழ வேண்டிய ஒரு புழு விழாததால் அடித்தளக் கல்லின் நிறம் மாறிவிட்டது. மசாஷி முரகாமியோடு சேர்ந்து அவர் செய்த இன்னொரு ஆய்வு இன்னும் துல்லியமானது. ஓடை மீன்களின் ஓராண்டு உணவாற்றலில் 44 சதவீதம் காட்டிலிருந்து விழுந்த உயிர்களிடமிருந்து வந்தது. கரைக்காட்டுப் பறவைகளின் உணவாற்றலில் ஏறத்தாழ 26 சதவீதம் நீரிலிருந்து பறந்தெழுந்த பூச்சிகளிடமிருந்து வந்தது. அதிலும் முறைவைத்துக் கொடுக்கல் வாங்கல். மரங்கள் இலையின்றி நிற்கும் மாதங்களில் ஓடை காட்டுக்குப் படியளக்கிறது. ஓடையில் பூச்சி குறையும் கோடையில் காடு ஓடைக்கு அளக்கிறது. அந்தக் கட்டுரை 2001-ல் வெளியானபோது நகானோ உயிரோடு இல்லை. முந்தைய ஆண்டு மார்ச்சில் மெக்சிகோவின் கலிஃபோர்னியா வளைகுடாவில் படகு கவிழ்ந்து, உடன் சென்ற சில சூழலியலாளர்களோடு மாண்டுபோனார்.

கரைக்கு இன்னொரு தொழிலும் உண்டு. நெல்லுக்கும் வாழைக்கும் யூரியா கொட்டும் ஊர்களுக்கு அது முக்கியம். வயலில் பயிர் எடுத்துக்கொள்ளாத நைட்ரேட் நிலத்தடி நீரோடு சேர்ந்து ஆற்றை நோக்கி நகர்கிறது. வழியில் ஈரக்கரை குறுக்கிடுகிறது. நீர் நிறைந்த மண்ணில் ஆக்சிஜன் தீர்ந்துவிடுவதால் அங்குள்ள சில பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை வைத்து மூச்சு விடுகின்றன. கழிவாக நைட்ரஜன் வாயுவை வெளியேற்றுகின்றன. உரமாக வந்தது காற்றாகப் போய்விடுகிறது. மிச்சத்தை மரவேர்கள் உறிஞ்சிக்கொள்கின்றன. அமெரிக்காவின் மேரிலாந்தில் மக்காச்சோள வயலுக்கும் ஓடைக்கும் நடுவே இருந்த காட்டுப்பட்டையை பீட்டர்ஜான், கோரல் இருவரும் அளந்து 1984-ல் எழுதினார்கள். வயலிலிருந்து வந்த நைட்ரஜனில் 89 சதவீதத்தை அந்தக் கரைக்காடு பிடித்துக்கொண்டது.

இதில் ஒரு நிபந்தனை இருக்கிறது. நீர் வேர்மட்டம் வழியாக வந்தால்தான் இந்த வேலை நடக்கும். ஆற்றின் தரை இறங்கிவிட்டால் நிலத்தடி நீரும் இறங்கி, வேருக்கும் பாக்டீரியாவுக்கும் எட்டாத ஆழத்தில் நழுவிப்போய் ஆற்றில் விழும். கரையில் மரம் நிற்கும், நிழல் இருக்கும், பறவைகூட இருக்கும். வடிகட்டி மட்டும் வேலை செய்யாது.

தரை ஏன் இறங்குகிறது? ஓர் ஆறு சுமக்கும் மணலும் அதைச் சுமக்கும் நீரும் தராசுத் தட்டுகள் மாதிரி. மணல் குறைந்தால் நீரிடம் ஆற்றல் மிஞ்சும். மிஞ்சிய ஆற்றலால் அது தரையைத் தோண்டி மணல் எடுத்துக்கொள்ளும். அணைகள் மணலையும் வண்டலையும் பிடித்துவைத்துத் தெளிந்த நீரை அனுப்புகின்றன. ஆற்றியலார் இதற்குப் பசித்த நீர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 1934-ல் மேட்டூர் அணை வந்த பிறகு காவிரியில் கீழே ஓடுவது பெரும்பாலும் பசித்த நீர்தான். அதன் இலையில் மிச்சமிருந்த சோற்றையும் மணல் லாரிகள் அள்ளிப்போனால் ஆறு என்ன செய்யும்? தோண்டும். ஓரிடத்தில் தோண்டிய பள்ளம் அங்கேயே நிற்பதில்லை. ஒரு படிக்கட்டு போல மேல்நோக்கி ஊர்ந்து, கிளையோடைகளுக்குள்ளும் ஏறும். மணலே அள்ளாத ஊரின் ஓடை பள்ளமாவது அப்படித்தான். படுகை மேடாகும். கிணற்றுக்காரர் இன்னும் ஆழம் இறக்குவார். பிறகு உயர்ந்து நிற்கும் கரைகள் தம் எடை தாங்காமல் இடிந்து விழும், பள்ளம் அகலும். போதிய அகலம் வந்த பின்னர், அந்தப் பள்ளத்துக்குள்ளேயே தாழ்ந்த மட்டத்தில் ஆறு புதிய சிறு படுகை ஒன்றைப் போட ஆரம்பிக்கும். இதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும். இடியும் கட்டத்தைப் பார்த்துப் பதறி நாம் கட்டும் சுவர், அகல வேண்டிய ஆற்றைப் பள்ளத்துக்குள்ளேயே பூட்டிவிடுகிறது. அது இன்னும் ஆழமாகத் தோண்டிக் கடைசியில் சுவரின் காலையே பறிக்கிறது.

தூர்வாருதல் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பாசனக் கால்வாயைத் தூர்வாராமல் கடைமடைக்கு நீர் போகாது. அதில் எனக்கு மறுப்பில்லை. கால்வாய் மனிதன் வெட்டியது, அதை மனிதன்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். ஓடையைக் கால்வாய் என்று நினைத்துக்கொண்டு அதே எந்திரத்தை உள்ளே இறக்குவதுதான் கோளாறு. நெளிவை நேராக்கி, கரையைச் சீவி, மருதையும் நாணலையும் ‘புதர்’ என்ற ஒரே தலைப்பில் அகற்றி, இரண்டு பக்கமும் மண்ணைக் குவித்துவிட்டுப் படம் எடுக்கிறார்கள். நேராக்கினால் ஓடையின் நீளம் குறைகிறது, அதே இறக்கம் குறைந்த தூரத்தில் நடப்பதால் சரிவு கூடுகிறது, வேகமும் கூடுகிறது. 64 மடங்கு விதியை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். குவித்த மண்ணோ வெள்ளம் படுகைக்கு ஏறும் வழியை அடைக்கிறது.

சொந்தக்காரர் ஒருவரின் தோட்டத்தை ஒட்டி ஓர் ஓடை போகிறது. பெயர் சொல்லும் அளவுக்குப் பெரியது ஒன்றுமில்லை. போன தை மாதம் அவரோடு அதன் கரையில் நடந்தேன். ஐந்து பெரிய மருதுகள் இருந்தன, இரண்டு ஆள் சேர்ந்து கட்டிப்பிடிக்கும் பருமன். பட்டை வெளிறி வழவழவென்று இருந்தது. வெள்ளம் மண்ணைப் பறித்த இடத்தில் வேர்கள் கை கோத்துக்கொண்டு நின்றன. “எங்க தாத்தா காலத்து மரம், இந்த ஓடைக்கு ஒண்ணும் ஆகாதுங்க” என்றார் அவர். எனக்கு அந்தத் தெம்பு வரவில்லை. பெரிய மரம் சொல்வது எண்பது, நூறு ஆண்டுக்கு முன்பு இந்தக் கரை எப்படி இருந்தது என்பதை. இப்போது எப்படி இருக்கிறது என்று சொல்ல அதற்குத் தெரியாது. அதைக் கன்றுகளிடம்தான் கேட்க வேண்டும். வெள்ளம் புதிதாக விட்டுப்போன ஈர வண்டலில் விதை விழுந்து, அடுத்த கோடைக்குள் வேர் நீரைத் தொட்டால்தான் மருதங்கன்று பிழைக்கும். ஒரு வயது, பத்து வயது, முப்பது வயது என்று எல்லா வயதிலும் மரம் இருந்தால், இந்தத் தலைமுறை போனாலும் கரையைப் பிடிக்க ஆள் இருக்கிறது.

கீழே ஐந்து இறக்கைகள் கொண்ட காய்கள் நூற்றுக்கணக்கில் கிடந்தன. குனிந்து குனிந்து அரை மைல் தேடினோம். இளமரம் ஒன்றுகூட இல்லை. திரும்பும் வழியில் அவர்தான் முதலில் பார்த்தார்: முள்வேலிக்கு உட்புறம், நாணல் மறைவில், முழங்கால் உயரத்தில் ஒரு கன்று. நுனியை ஆடு கடித்திருந்தது. கடித்த இடத்துக்குக் கீழே, இரு பக்கமும் ஒவ்வொரு துளிர் விட்டிருந்தது. அவர் வேலிக் கம்பியைப் பிடித்து அசைத்துப் பார்த்துவிட்டு, இன்னொரு சுற்றுக் கம்பி எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போடத் தொடங்கினார்.